பீரோவில் கிடக்கும் 214 படங்கள்: முதலில் பதினொரு நெல்லிக்கனியை மட்டும் மாட்டலாமா?

கூடத்துச்சாவி | ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். தருமபுரியிலிருந்து எழுதுகிறேன். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்த டிராயிங் மாஸ்டர் தன் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளைப் படக்கூடமாக வைத்திருந்தார். விற்பனைக்கு இல்லை. சுற்றுவட்டாரத்தில் வரைகிறவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள், இவர் வாங்கி வைத்துக்கொள்வார். சிலருக்குக் கையில் இருந்ததைக் கொடுப்பார், சிலருக்குச் சாப்பாடு போட்டு பஸ் ஏற்றி அனுப்புவார். அவர் காலமானதும் வீட்டம்மா சாவியை என் கையில் கொடுத்தார்கள். நாலு வருஷம் ஆகிவிட்டது.

சுவரில் மாட்டியிருப்பது 16 படங்கள். அவர் இருந்தபோது மாட்டிய அதே 16. மற்றதெல்லாம் பின்னறையில் இரண்டு இரும்பு பீரோ, ஒரு மரப்பெட்டி, பரண். போன மாதம் ஒவ்வொரு ஞாயிறும் நானும் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்து எண்ணி முடித்தோம். 214 இருக்கிறது.

இரண்டாவது பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் போஸ்டர் கலர் படங்கள் இரண்டு முகத்தோடு முகம் ஒட்டிக் கிடக்கின்றன. ஒரு மூலையில் மட்டும் லேசாக விரல் நுழைத்துப் பார்த்தேன், பச்சை நிறம் பொருக்காக உதிர்ந்து மடியில் விழுந்தது. அதோடு விட்டுவிட்டேன்.

பள்ளி டிராயிங் மாஸ்டர்கள் வரைந்தது நிறைய. போர்டு எழுதியவர்கள் தகரத்தில் எனாமல் பெயிண்டில் வரைந்தவை இருபதுக்கு மேல். முனியப்பன் கோயில் சிலைகளுக்கு வண்ணம் தீட்டியவர் போட்ட பென்சில் மாதிரிகள், கூத்துக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் உட்கார்ந்திருக்கிற ஒரு வாட்டர் கலர், பாப்பாரப்பட்டியில் யாரோ வரைந்த சுப்பிரமணிய சிவா. 70க்கும் மேற்பட்ட படங்களில் கையெழுத்து இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

இவற்றில் பதினொரு படம் ஒரே காட்சி. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுப்பது. தருமபுரியின் பழைய பெயர் தகடூர், அதியமானின் ஊர். தகடூர்க்காரர்கள் நாம், நம் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர் இதை வரையாமல் ஓய்வு பெற்றிருக்க முடியாது. பதினொன்றையும் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது பிள்ளைகள் இருவரும் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஒன்றில் அதியமான் பின்னால் ஒகேனக்கல் கொட்டுகிறது. ஒன்றில் தொப்பூர் மலை. ஒன்றில் நெல்லி இலையை ஒருவர் அப்படியே கண்டு வரைந்திருக்கிறார், இறகு மாதிரி பொடி இலைகள் வரிசையாக. புறநானூறு 91இல் ‘சிறியிலை நெல்லி’ என்று ஔவையே சொல்வது இதைத்தான். மற்ற பத்துப் பேரும் கொய்யா இலை போட்டிருக்கிறார்கள்.

ஏழாம் எண் தகரப் படம். அதில் ஔவை கிழவி இல்லை. இருபது வயதுப் பெண். கனி எலுமிச்சை அளவுக்குப் பெரியது. கீழே ‘தலைநகர் தகடூரில் அதியமான் நெல்லிக்கனி தருதல்’ என்று எழுத்து. பெயர் இல்லை.

நான் நினைப்பது இது. 16 படங்களையும் இறக்கிவிட்டு, இந்தப் பதினொன்றை மட்டும் ஒரு மாதம் மாட்டுவது. அடுத்த மாதம் வேறு. பதினொன்றின் போட்டோவையும் தனித்தனியாகக் கீழே போட்டிருக்கிறேன். எது சரி, எப்படிச் செய்வது, சொல்லுங்கள்.


காவேரிப்பட்டணத்தான் | ஞாயிறு இரவு 10.02

அக்கா, ரொம்ப நல்ல காரியம். ஆனா பதினொண்ணு போதாது. 214 இருக்கும்போது ஏன் ஒளிச்சு வைக்கணும்? கிருஷ்ணகிரியில வருஷா வருஷம் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி நடக்குது. ஜனம் அலைமோதும். அங்க ஒரு ஸ்டால் கேட்டு வாங்கி எல்லாத்தையும் வச்சா ஒரே வாரத்துல மாவட்டமே பார்த்துடும். இல்லன்னா ஒரு கல்யாண மண்டபம் பிடிச்சு மூணு நாள். ஒரு சின்ன அறையில வச்சா யார் வருவா? நம்ம ஆளுங்க வேலையை நாலு பேர் பார்க்கணும்னுதான் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.


சுவடிக்காரி | ஞாயிறு இரவு 11.15

அரூர்க்காரி நான், சென்னையில் பழைய தாள்களையும் ஓவியங்களையும் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். காவேரிப்பட்டணத்து அண்ணன் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் கண்காட்சித் திடல் வேண்டாம். தகரக் கொட்டகை வெயில், புழுதி, இரவில் ஈரம், பத்து நாளைக்குத் தொடுகிற கைகள். பத்து வருஷம் பீரோவில் கிடந்து கெடாத தாள் அங்கே பத்து நாளில் கெட்டுவிடும்.

சாவி அக்கா, ஒட்டியிருக்கிற இரண்டையும் பிரிக்காமல் விட்டீர்களே, அதற்கே கும்பிடு. நீராவி காட்டாதீர்கள், பிளேடு விடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே ஒரு தட்டையான அட்டைமேல் வைத்துவிடுங்கள், நான் ஊருக்கு வரும்போது பார்க்கிறேன். போஸ்டர் கலரில் பிசின்தான் நிறத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மழைக்கால ஈரத்தில் அது இளகும், வெயிலில் காய்ந்து சுருங்கும். இரண்டும் மாறி மாறி நடந்தால் பொருக்கு விடும்.

படங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். செய்தித்தாள் மலிவான மரக்கூழ், பழுக்கப் பழுக்க அமிலம் விடும். பழுப்பு பக்கத்துப் படத்துக்கும் இறங்கும். அமிலமில்லாத தாள் கிடைக்காவிட்டால் இப்போதைக்கு நல்ல பட்டர் பேப்பராவது வையுங்கள். செல்லோடேப் எங்கேயும் ஒட்டாதீர்கள், ஏற்கெனவே ஒட்டியதை உரிக்காதீர்கள். லேமினேஷன் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அதை எந்தக் காலத்திலும் திரும்ப எடுக்க முடியாது.

மாட்டும்போது வெளிச்சம் கவனம். தாளில் வாட்டர் கலர், போஸ்டர் கலர் என்றால் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வேண்டாம். எண்ணெய் வண்ணம் 200 வரை தாங்கும். ஜன்னல் வெயில் படத்தின்மேல் விழக் கூடாது, அரை மணி நேரம்கூட. வெளுத்த நிறத்தை மீட்க என்னிடமும் மருந்து கிடையாது. அதனால்தான் நீங்கள் சொன்ன மாதம் பதினொன்று என்ற கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு படம் ஒரு மாதம் வெளிச்சம் பார்த்தால் பிறகு பல மாதம் இருட்டில் இளைப்பாறட்டும்.


பென்னாகரம் பெயிண்டர் | திங்கள் காலை 6.20

அம்மா, நான் 31 வருசம் போர்டு எழுதினவன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு ஏணியை வித்துட்டேன். எழுதப் படிக்க பேரன்தான் உதவி, நான் சொல்லச் சொல்ல அடிக்கிறான்.

தகரத்துல எனாமல்ல வரைஞ்சது இருபதுக்கு மேல இருக்குன்னு போட்டிருக்கீங்க. அதைப் படிச்சு ராத்திரி தூக்கம் வரலை. எங்க வேலையை யாரும் படம்னு சொன்னதே இல்லைங்க. கடை மூடினா போர்டை ஆட்டுக்கொட்டாய்க்குக் கதவா வச்சிருவாங்க. உங்க மாஸ்டர் அதை எடுத்து பீரோவுல வச்சிருக்கார்.

தகரம் மங்கலா இருந்தா ஒரு துணியில கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைங்க, மேல லேசா தேங்காய் எண்ணெய் பூசுங்க, புதுசா ஆயிரும். ஏழாம் நம்பர் படம், அந்த எழுத்து, இன்னும் கிட்டத்துல ஒரு போட்டோ போட முடியுங்களா? முன்பக்கமும் பின்பக்கமும்.


சுவடிக்காரி | திங்கள் காலை 7.45

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுத்தான் இன்று வேலைக்குக் கிளம்புகிறேன். ஒன்று மட்டும் மறுத்துச் சொல்ல அனுமதி கொடுங்கள். மண்ணெண்ணெய் பழைய எனாமலின் மேல்பரப்பைக் கரைக்கும். தேங்காய் எண்ணெய் அன்றைக்குப் பளபளக்கும், அப்புறம் தூசியை இழுத்துப் பிடித்துப் பிசுக்காகும். மென்மையான காய்ந்த பிரஷால் தூசி தட்டினால் இப்போதைக்குப் போதும்.


பென்னாகரம் பெயிண்டர் | திங்கள் காலை 8.05

சரிங்கம்மா. வெயில்ல நிக்கிற போர்டுக்கு அப்படித்தான் செய்வோம், அது ரெண்டு வருசம் நின்னா போதும், அப்புறம் மேலயே வேற எழுதிருவோம். இது நிக்க வேண்டிய பொருள். நீங்க சொல்றதுதான் சரி.


மாரண்டஅள்ளி மாணவன் | திங்கள் மதியம் 1.30

நான் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன். பதினொரு நெல்லிக்கனியும் காலண்டரையும் பாடப்புத்தகத்தையும் பார்த்து வரைந்ததுதானே? அதியமானுக்கு சினிமா கிரீடம், ஔவைக்கு கே.பி. சுந்தராம்பாள் முகம். அவர் ஔவையாக நடித்தது 1953இல், மெரினாவில் ஔவை சிலை வைத்தது 1968இல். அதற்கப்புறம் தமிழ்நாட்டில் எல்லார் மனதிலும் ஔவை என்றால் கோல் ஊன்றிய பாட்டிதான். சொந்தப் பார்வை இல்லாத படங்களை முதல் காட்சியாக வைத்தால் பார்க்கிறவர்கள் ‘இவ்வளவுதானா நம்ம ஊர்க் கலை’ என்று போய்விடுவார்கள். கூத்துக்காரர் வாட்டர் கலரை முதலில் வையுங்கள். நல்ல பத்துப் படம் தேர்ந்தெடுத்து வையுங்கள். மற்றது கணக்கில் இருந்தால் போதும். ஏழாம் எண்ணிலும் கனி எலுமிச்சை மாதிரி இருக்கிறதென்றால் அளவு பிடிக்கத் தெரியாத கைதானே.


கூடத்துச்சாவி | திங்கள் இரவு 8.50

தம்பி, நீங்கள் படிக்கிற பிள்ளை, உங்கள் கண்ணை நான் மதிக்கிறேன். கூத்துக்காரர் படம் எனக்கும் உயிர். ஆனால் இந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

மாஸ்டர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததே காலண்டரில் கட்டம் போட்டுத்தான். அரை அங்குலக் கட்டம், அதைத் தாளில் இரண்டு அங்குலமாகப் பெருக்குவோம். அந்தக் காலத்தில் பாலக்கோட்டிலோ அஞ்செட்டியிலோ ஒரு பையனுக்கு அசல் ஓவியம் எங்கே கண்ணில் படும்? சென்னை கவின்கலைக் கல்லூரி 1850லிருந்து இருக்கிறது, சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் வந்தது, ஆனால் இங்கிருந்து அங்கே போய்ப் பார்த்துவர பஸ் காசு யாரிடம் இருந்தது? காலண்டர்தான் அவர்களுக்கு மியூசியம். அதைப் பார்த்து வரையும்போது யாருடைய கை எங்கே வழி விலகிப் போகிறது என்பதைத்தான் நான் காட்ட விரும்புகிறேன். தனித்தனியாக மாட்டினால் இது தெரியாது. பதினொன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சின்னக் குழந்தைகூட ‘இவர் மலையை நிஜமாப் பார்த்திருக்கார், இவர் பார்க்கலை’ என்று சொல்லிவிடும். நான் சொல்லிக்கொடுக்காமலே என் வீட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள்.

இளம்பெண் ஔவை பிழை இல்லை. சங்க கால ஔவை பாட்டியாக இருந்தாள் என்று எங்கே இருக்கிறது? புறநானூறு 89இல் மை தீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உள்ள விறலி, அதாவது ஆடிப் பாடும் பெண், என்றுதான் அவளை விளிக்கிறான் பகை மன்னன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவள் அவள். பிற்காலத்து ஔவைகள் வேறு. பெயர் தெரியாத ஒரு போர்டு பெயிண்டர் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறார், எப்படி என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

இன்னொன்று. நல்லது பத்தைப் பொறுக்கினால் யார் பெயர் தெரிந்ததோ அவருடையதுதான் முன்னால் வரும். பெயர் தெரியாத 70 பேர் மறுபடி பீரோவுக்குள்தான். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். மாடு மீட்டுச் செத்தவன் பெயர் கல்லில் இருக்கிறது, அவன் காலத்து அரசன் பெயர் இருக்கிறது. அந்தக் கையையும் வில்லையும் செதுக்கியவன் பெயரைத் தேடித் தேடி நான் சலித்திருக்கிறேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியதை நம்மால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. முப்பது, நாற்பது வருஷத்துப் படத்துக்கு இன்னும் கேட்க ஆள் இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் இருக்க மாட்டார்கள். பெரிய ஓவியர் யாரையாவது கூப்பிட்டுத் திறப்பு விழா வைப்பதைவிட எனக்கு இது அவசரம்.

பென்னாகரம் ஐயா, ஏழாம் எண்ணின் முன்னும் பின்னும் கீழே போட்டிருக்கிறேன். எழுத்தை மட்டும் தனியாகவும் எடுத்திருக்கிறேன்.


மொரப்பூர் தபால் | திங்கள் இரவு 9.40

ஓய்வு பெற்ற தபால்காரன். படம் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் முகவரி தெரியும். பின்பக்கத்தைப் பாருங்கள், வருஷம் அங்கே ஒளிந்திருக்கும்.

‘சேலம் ஜில்லா’ என்று எழுதியிருந்தால் 1965 அக்டோபர் 2க்கு முன்னால் இருக்கவே வாய்ப்பு. அன்றைக்குத்தான் தருமபுரி தனி மாவட்டம் ஆனது. ‘கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டம்’ என்று இருந்தால் அதற்கும் 2004 பிப்ரவரி 9க்கும் நடுவே, அப்புறம் கிருஷ்ணகிரி பிரிந்துவிட்டது. பிரேம் போட்ட கடை ஸ்டிக்கரில் 636701 என்று பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான், அதற்கு முன் பின்கோடே கிடையாது. ஆனால் பிரேம் பிற்பாடு மாற்றியிருக்கலாம், அதைப் படத்தின் வயதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.


கூடத்துச்சாவி | திங்கள் இரவு 10.30

ஐயா, இப்போதே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாம் எண்ணின் பின்னால் மசியில் ‘சேலம் ஜில்லா, தர்மபுரி தாலுகா’! நாலு வருஷமாக என் கண் முன்னால் இருந்திருக்கிறது. நன்றி என்று சொன்னால் போதாது.


மாரண்டஅள்ளி மாணவன் | செவ்வாய் காலை 9.00

அக்கா, பதினொன்றையும் சேர்த்து நீங்கள் போட்ட போட்டோவைப் பார்த்தேன். தனித்தனியாகப் பார்த்தபோது இருந்த எண்ணம் மாறிவிட்டது. நெல்லி இலை படத்தையும் அதன் பக்கத்துப் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

ஏழாம் எண்ணில் ‘தலைநகர்’ என்ற சொல்லில் ‘லை’ பழைய எழுத்து, யானைத் தும்பிக்கை மாதிரி. எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபர். அப்படியானால் படம் அதற்கு முந்தியது என்று சொல்லலாமா?


பென்னாகரம் பெயிண்டர் | செவ்வாய் காலை 9.35

சொல்ல முடியாது தம்பி. நான் 85லகூட தும்பிக்கை போட்டுத்தான் ‘லை’ எழுதினேன். கடைக்காரங்க புது எழுத்துதான் வேணும்னு கேட்டப்பதான் மாத்தினோம். அதை வச்சு ஆள் எப்ப எழுத்துப் பழகினான்னு சொல்லலாம், எப்ப எழுதினான்னு சொல்ல முடியாது.

இப்ப நான் சொல்றதைக் கவனிங்க. அந்த எழுத்துக்கு நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க. நாங்க எல்லாரும் வலப்பக்கம் கீழ இறக்குவோம். கைக்கு அதுதான் வாகு. இதுல எல்லா எழுத்துக்கும் இடப்பக்கம் இறங்கியிருக்கு. அப்புறம் ‘டூ’வோட வால். கீழே கொண்டுபோய் மேலே தூக்கி ஒரு சின்னச் சுழி. எங்க பக்கத்துல அப்படி எழுதினது ஒரே ஒருத்தர்தான். இடது கைக்காரர். நானும் அவரும் ஒரே சுவத்துல ரெண்டு ஏணி போட்டு எழுதியிருக்கோம், அவர் அந்தக் கடைசியில ஆரம்பிப்பார், நான் இந்தக் கடைசியில, நடுவுல வந்து சேருவோம்.

பேரை இங்க போட மாட்டேன். அவர் இல்லை. வீட்டம்மா இருக்காங்க. கேட்டுட்டு வந்து சொல்றேன்.


அரூர் வக்கீல் | செவ்வாய் மாலை 6.15

கேட்கும்போதே ஒன்றைச் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். படம் கூடத்தின் கையில் இருப்பதால் பதிப்புரிமை கூடத்துக்கு வந்துவிடாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அது வரைந்தவருடையது, அவர் காலத்துக்குப் பின் 60 வருஷம் வாரிசுகளுடையது. காட்சிக்கும், போஸ்டர் அடிக்கவும், காலண்டர் போடவும், இணையத்தில் ஏற்றவும் வாரிசின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை வருஷத்துக்கு என்று எழுதுங்கள், உரிமையை எழுதிக்கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் சட்டம் அதை 5 வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும். இந்த இழையில் போட்ட போட்டோக்களும் இதில் சேர்த்திதான், சாவி அம்மா. வாரிசு யாரென்று தெரிகிற வரைக்கும் எடுத்துவிடுவது நல்லது.


கூடத்துச்சாவி | செவ்வாய் மாலை 6.40

எடுத்துவிட்டேன் சார். எழுத்தை மட்டும் வெட்டி எடுத்த துண்டைப் பென்னாகரம் ஐயாவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.


ஓசூர் கேமரா | செவ்வாய் இரவு 10.20

214ஐயும் பதிவுக்காகப் படம் பிடித்துக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாள் போதும் என்று நினைக்கிறேன். படத்தைச் சுவரில் நேராக வைத்து, கேமராவை அதற்கு இணையாக ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு. எனாமல் படங்கள் பளபளப்பு அடிக்கும், அதற்கு விளக்கின்மேலும் லென்ஸின்மேலும் பளபளப்பை வெட்டுகிற போலரைசர் வடிகட்டி போட்டுக்கொள்வேன். பக்கத்தில் கலர் அட்டையும் அளவுகோலும். ஒவ்வொன்றுக்கும் முன், பின் இரண்டும் எடுப்போம். மொரப்பூர் ஐயா சொன்னதைப் படித்த பிறகு பின்பக்கம்தான் முக்கியம் என்று தோன்றுகிறது. எண்ணைப் பின்னால் 2பி பென்சிலில் மட்டும் எழுதி வையுங்கள், பேனா வேண்டாம். தகரத்துக்கு ஒரு சீட்டு நூலில் கட்டினால் போதும்.


காவேரிப்பட்டணத்தான் | புதன் காலை 7.10

நான் சொன்ன மண்டபத்தை விட்டுடுங்க அக்கா. இப்ப ஒண்ணு கேட்கிறேன். கிருஷ்ணகிரி பக்கத்துப் படங்கள் எத்தனை? எங்க பக்கம் மல்லசந்திரத்துல பழங்காலத்துக் கல்திட்டைகள்ல, அதான் பலகைக் கல்லை நிறுத்திக் கட்டின ஈமச்சின்னம், வெள்ளை நிறத்துல மனுசங்களும் குதிரையும் வரைஞ்சிருக்கும், சின்ன வயசுல அதைப் பார்த்துத்தான் நான் சுவத்துல கிறுக்க ஆரம்பிச்சேன். உங்ககிட்ட அதை வரைஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு தெரிஞ்சா, அடுத்த மாசக் காட்சிக்கு அந்த ஊர் ஜனத்தை நான் வேன் வச்சுக் கூட்டிட்டு வரேன்.


கூடத்துச்சாவி | புதன் காலை 7.55

இரண்டு இருக்கிறது தம்பி. 112, 113. கரித்துண்டால் வரைந்தது. கல்திட்டைப் பலகையில் இருக்கிற குதிரைவீரன். இரண்டாவது மாதத்துக்கு அதையே வைத்துக்கொள்வோம், வேனுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.


பென்னாகரம் பெயிண்டர் | வெள்ளி இரவு 8.15

போய்ட்டு வந்தேன். ரெண்டு நாளா எழுதக் கை வரலை, இன்னைக்குத்தான் பேரனை உட்கார வச்சேன்.

போன்ல அந்த எழுத்துத் துண்டைக் காட்டினேன். அம்மா கண்ணாடி போடாமலே ‘இது அவரு கை’ன்னுட்டாங்க. படத்தைப் பத்திச் சொன்னதும் உள்ளே போய் ஒரு டப்பா கொண்டுவந்தாங்க. அவரோட பிரஷ், பன்னெண்டு, இன்னும் துடைச்சு எண்ணெய் தடவி வச்சிருக்காங்க. பட்டை பிரஷ் எல்லாம் இடது பக்கம் தேய்ஞ்சிருக்கு.

அப்புறம் சொன்னாங்க, அந்தப் பொண்ணு ஔவையும் இல்ல ஒண்ணும் இல்ல, என் நாத்தனார்னு. தங்கச்சியை நடையில உட்காரவச்சு வரைஞ்சாராம். அது நெல்லிக்காய் காலம் இல்லையாம். கையில எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து ‘இதை நெல்லின்னு நினைச்சுக்கோ’ன்னு சொன்னாராம். அவர் கண்ணால பார்த்ததைத்தான் வரைவாராம், இல்லாததைச் சின்னதாக்கி வரைய மனசு வரலையாம். மாரண்டஅள்ளித் தம்பி, அளவு பிடிக்கத் தெரியாத கை இல்லப்பா அது.

கையெழுத்து ஏன் போடலைன்னு கேட்டேன். போர்டுல கடைக்காரன் பேர்தான் இருக்கணும், எழுதினவன் பேர் இருக்கக் கூடாதுன்னு ஒரு முதலாளி திட்டினாராம் ஒரு தடவை. அன்னையிலிருந்து எதுலயும் போடுறதில்லையாம், வீட்டுக்கு வரைஞ்சதுலகூட.

வக்கீல் ஐயா எழுதிக்கொடுத்த தாள்ல கையெழுத்து வாங்கிட்டேன். வருசம் 1983ன்னு சொல்றாங்க, மூத்த பையன் பிறந்த வருசம், அதனால மறக்கலை.


மாரண்டஅள்ளி மாணவன் | வெள்ளி இரவு 8.40

ஐயா, அந்த அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். லீவுக்கு வருகிறேன். சுவருக்கு வெள்ளையடிக்கவும் மாட்டவும் நான் இருக்கிறேன்.


சுவடிக்காரி | வெள்ளி இரவு 9.30

நானும் வருகிறேன். தகரப் படத்தைப் பின்சுவரில் மாட்டாதீர்கள், அந்தச் சுவர் மழையில் ஓதம் ஏறுகிறது என்று அக்கா தனியாகச் சொன்னார்கள். உள்சுவரில் மாட்டி, பின்னால் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்தால் காற்று ஓடும், துரு பிடிக்காது. தாள் படங்களுக்குக் கண்ணாடி தாளைத் தொடாதபடி ஓர அட்டை (மவுண்ட்) வெட்டிக்கொண்டு வருகிறேன், அளவுகளை அனுப்பிவிடுங்கள். உயரம் முதலில், அகலம் பிறகு, சென்டிமீட்டரில்.


கூடத்துச்சாவி | ஞாயிறு இரவு 9.25

போன ஞாயிறு இதே நேரத்தில் எழுத உட்கார்ந்தபோது யாராவது ஒருவர் பதில் போட்டால் போதும் என்று நினைத்தேன்.

முடிவு செய்தது இது. பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை திறக்கிறோம். பதினொன்றும் ஒரே அறையில், ஒரு மாதம். தினமும் மாலை 4 முதல் 7 வரை, ஞாயிறு காலையிலிருந்து. விளக்கு இரண்டு மட்டும், ஜன்னலுக்குக் கதர்த் துணித் திரை. சீட்டு, கட்டணம் எதுவும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தரையில் பாய் விரித்து, அவர்களும் நெல்லிக்கனி வரையட்டும் என்று தாளும் பென்சிலும் வைக்கிறோம். பக்கத்தில் ஒரு கூடையில் நிஜ நெல்லிக்காயும், இலையோடு ஒரு கிளையும் இருக்கும்.

பதினொன்றில் ஐந்துக்குப் பெயர் இருந்தது. இப்போது ஆறு. மூன்றாம் எண்ணுக்கு தாலுகா தெரியும், ஆள் தெரியாது. பெயர் தெரியாத படங்களின் கீழே மாட்டுகிற அட்டையில் ‘வரைந்தவர்’ என்று எழுதி அடுத்த இடத்தைக் காலியாக விடுகிறேன். பக்கத்தில் நூலில் ஒரு பென்சில் தொங்கும். பார்க்க வருகிறவர்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் அங்கேயே எழுதட்டும், பிறகு நாங்கள் விசாரித்து உறுதி செய்கிறோம்.

ஏழாம் எண்ணின் அட்டையை நான் எழுதவில்லை. பென்னாகரம் ஐயா நேற்று வந்து எழுதிக் கொடுத்தார், பெயரோடு. நிழலை இடப்பக்கமே இறக்கியிருக்கிறார். அந்தக் குடும்பம் விரும்பாததால் பெயரை இங்கே போடவில்லை, சுவரில் இருக்கிறது, வந்து படித்துக்கொள்ளுங்கள். விறலி ஔவையைப் பற்றி நான் எழுதியதையும் கீழே ஒரு வரியாக வைத்திருக்கிறேன், எலுமிச்சம்பழக் கதையை அதற்கு மேலே.

அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. வழக்கமாகப் படத்தின் நடு தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் வருகிற மாதிரி மாட்டுவோம். ஏழாம் எண்ணை மட்டும் 110இல் மாட்டுகிறோம், எதிரில் ஒரு நாற்காலி போட்டு. ஆணி அடித்தாகிவிட்டது.